பதினேழாம் கிணறு

தம்பி ஊரை விட்டுப் போனது, செங்கல் சூளைக்குச் சீல் வைத்த அதே திங்கட்கிழமை. காலை பத்து மணிக்கு அதிகாரிகளின் ஜீப் வந்தது. பதினொன்றுக்குச் சூளையின் ஆழ்துளைக் கிணற்று மூடியில் அரக்கு ஒட்டினார்கள். மதியம் இரண்டரை மணி பஸ்ஸில் தம்பி ஏறினான். இடையில் இருந்த மூன்றரை மணி நேரமும் அக்காவும் தம்பியும் வாசலில் நின்று பேசிக்கொண்டதைத் தெருவே வேலையை விட்டுவிட்டுக் கேட்டது.

"சொந்தத் தம்பி மேல எவளாவது பெட்டிஷன் போடுவாளா?"

"பெட்டிஷன் போடல. அளவு எழுதினேன். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

"கிணறு நாலு மீட்டர் இறங்கிப்போச்சுன்னு எழுதினே."

"நாலு மீட்டர் இருபது சென்டி. இருபதை விட்டுட்டே."

தம்பி பெட்டியைத் தூக்கினான். "இந்தக் கிணத்தையே கட்டிக்கிட்டு அழு. செத்தாலும் இந்த வாசல் மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தான். பத்தடி போயிருப்பான். "உன் சார்ஜர் சுவத்துலயே தொங்குது" என்றாள் அக்கா. அவன் திரும்பி வந்து, வாசலை மிதித்து, சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டு மறுபடியும் போனான்.

அப்பா இருந்தபோதே பாகம் பிரித்தாகிவிட்டது. மேட்டில் ஐந்து ஏக்கர் தம்பிக்கு. பள்ளத்தில் வீடும் அதை ஒட்டிய அரை ஏக்கரும் அக்காவுக்கு. பள்ளத்தில் மொத்தம் ஒன்பது வீடுகள், ஒன்பதுக்கும் பொதுவாக ஒரு கிணறு. மேட்டில் விழுகிற மழைதான் பாறை இடுக்குகளில் புகுந்து, ஆற அமர இறங்கி, அந்தக் கிணற்றுக்கு வருகிறது. மேட்டில் யாராவது ஆழமாகத் துளை போட்டு உறிஞ்சினால் ஒன்பது வீட்டுக்கும் குடம் காலி. இது அவளுடைய யூகம் அல்ல. தம்பி தன் நிலத்தைச் சூளைக்குக் குத்தகை விட்ட அந்த ஒரு கோடையில் அளந்தே பார்த்துவிட்டாள்.

அளப்பதுதான் அவள் பிழைப்பு. நிலத்தடி நீர் அலுவலகத்தில் ஒப்பந்த ஊழியர். மாதத்தின் முதல் வாரத்தில், யாரும் மோட்டார் போடுவதற்கு முன், விடிகிற நேரத்தில் மொபெட்டில் கிளம்புவாள். நாற்பத்தோரு கிணறுகள். எஃகு நாடாவின் நுனியில் இரும்புக் குண்டு. அதற்கு மேல் மூன்று மீட்டருக்குச் சாக்பீஸைத் தேய்த்து நாடாவை இறக்குவாள். நனைந்த இடத்தில் வெள்ளை கறுத்திருக்கும். இறக்கிய நீளத்தில் நனைந்ததைக் கழித்தால் தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று தெரியும். அதை நோட்டில் எழுதுவாள். ஊரில் அவளுக்குப் பெயரே அளவுக்காரி என்று ஆகிப்போனது. பள்ளத்துக் கிணறு அவள் பட்டியலில் பதினேழாம் எண்.

நோட்டில் அவள் பொய் எழுதியதில்லை. ஒருமுறை காய்ச்சலில் ஒரு கிணறு விட்டுப்போனது. "போன மாச அளவையே போட்டுடும்மா" என்றார் மேலதிகாரி. "போன மாசம் தின்ன சோறு இந்த மாசத்துக்கும் போதுமா சார்?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கட்டத்தில் 'போகவில்லை' என்று எழுதினாள்.

வாய்க்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. டாக்டர் கேட்டால் மாத்திரை போட்டேன் என்பாள். பக்கத்து வீட்டுக்காரி சேலை விலை கேட்டால் பாதி சொல்வாள். பெண் பார்க்க வந்த இரண்டு பேரிடம் தனக்கு வலிப்பு உண்டு என்று சொல்லி அனுப்பியவள் அவள்தான். சூளை மூடி எட்டுப் பேருக்குக் கூலி போனதிலிருந்து தெருவில் பாதிப் பேர் அவளோடு பேசுவதில்லை. பேசுகிற பாதியோடு அவளுக்குச் சண்டை.

ஒன்பது வருஷம் கழித்து, ஓர் ஏப்ரல் மாதத்தில், ஊர் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனது. புதியது வர ஐந்து நாள் ஆகும் என்றார்கள். இரண்டாம் நாள் காலை ஒரு ஜீப் வந்து டீக்கடை முன் நின்றது. தொப்பையும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தம்பி இறங்கினான். இப்போது அவன் நகரத்தில் நிலத் தரகன். கூடவே தொப்பி வைத்த ஒல்லியான மனிதர் ஒருவர், அட்டையில் செருகிய காகிதக் கட்டோடு இறங்கினார்.

அவர் முப்பது வருஷம் இன்சூரன்ஸில் நஷ்டம் மதிப்பிட்டவர். எரிந்த வீட்டையும் மூழ்கிய கடையையும் பார்த்துப் பார்த்து, நன்றாக இருக்கிற வீட்டைக் கண்டாலும் 'இது இன்னும் எரியவில்லை' என்றுதான் அவருக்குத் தோன்றும். நகரத்தில் அவரைப் போலப் பதினாறு குடும்பங்கள் சேர்ந்திருந்தன. கொள்ளை நோயோ போரோ வந்து கடைகள் மூடிவிட்டால், யார் கையையும் எதிர்பாராமல் சொந்த நிலத்தில் விளைத்துத் தின்று உயிர் பிழைக்க ஓர் இடம் வேண்டும். ஏழு மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றாகப் போய்ப் பத்துத் தலைப்புகளில் பத்துப் பத்து மார்க் போட்டுக்கொண்டிருந்தார். முதல் நாளே ஊர் அவருக்கு மார்க் வாத்தியார் என்று பெயர் வைத்துவிட்டது.

"ஊருக்கு ஒரே பாலம்தானா?" என்று டீக்கடையில் கேட்டார். "ஆபத்துக் காலத்துல அதை உடைச்சுட்டா வெளியாள் யாரும் உள்ள வர முடியாது, இல்லையா?"

"நீங்க ஏன் சார் சிரமப்படணும்?" என்றார் டீக்கடைக்காரர். "ரெண்டு வருஷத்துல அதுவே விழுந்துரும்."

வாத்தியார் சந்தோஷமாக எட்டு மார்க் போட்டார்.

மின்சாரம் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் அவர் வந்திருந்தார். நாளைக்கு ஊர் உலகமே இருண்டால் இந்த இடம் எப்படி இருக்கும் என்று இன்றைக்கே பார்த்துவிடலாம் அல்லவா? டிரான்ஸ்ஃபார்மர் எரிந்த ஒரு மணி நேரத்தில், "இதைவிட நல்ல சமயம் வராது சார்" என்று அவருக்குப் போன் போட்டவன் தம்பி. மோட்டார் ஓடாத கிணறு என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. அளவுக்காரியின் தம்பி அவன்.

இருவரும் பள்ளத்துக்கு வந்தபோது அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள். அலசிய தண்ணீரை அப்படியே அவர்கள் காலடியில் ஊற்றினாள்.

"மேடம், மேட்டு நிலத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை..." என்றார் வாத்தியார்.

"பாம்பு."

"என்ன?"

"நீங்க கேட்ட ரெண்டு வார்த்தையில முதல் வார்த்தை. ரெண்டாவது, நிறைய."

தம்பி அவளை ஓரமாக இழுத்துப் போனான். "அக்கா, ஒன்பது வருஷத்துக் கோபத்தை ஒரு நாலு நாள் ஒத்தி வை. பக்கத்து வீட்டுக்காரங்க எப்படிப்பட்டவங்கன்னு ஒரு தலைப்பே இருக்கு. அதுக்கும் பத்து மார்க். கொஞ்சம் சிரிச்ச முகமா இரு, போதும்."

எதிரி கையில் வாளைக் கொடுத்துவிட்டுக் கழுத்தையும் காட்டிய மாதிரி ஆயிற்று. அந்தப் பத்து மார்க்கையும் பூஜ்யம் ஆக்குவது என்று அவள் அந்த நிமிஷமே முடிவு கட்டினாள். பதினாறு குடும்பங்கள் மேட்டில் ஏறி உட்கார்ந்து துளை போட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குக் கணக்குப் போட வேண்டியதில்லை.

மறுநாள் வாத்தியார் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். "கடையில பாட்டில் விக்குது" என்று கதவைச் சாத்தினாள். ஜன்னல் வழியாக, "மேட்டு மண்ணு பூரா உப்பு. போட்ட விதை முளைக்காது, புதைச்ச பிணம் மக்காது" என்றாள். அடுத்த முறை ஜீப் வந்தபோது, இந்த ஊரில் வீட்டுக்கு ஒரு திருடன் என்றும், அதில் மூத்த திருடன் இதோ உங்கள் பக்கத்தில்தான் நிற்கிறான் என்றும் தம்பியைக் காட்டினாள். வாத்தியார் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டு மோட்டார் மெக்கானிக் அவளைத் தேடி வந்தார். மேட்டில் அவருக்கும் இரண்டு ஏக்கர் இருந்தது. நல்ல விலைக்குப் போகும் என்று தம்பி சொல்லியிருந்தான். "ஏம்மா, சூளையில எட்டுப் பேரு வாயில மண்ணைப் போட்டே. இப்ப என் வாயா? பேசாம வாயை மூடிக்கிட்டு இரு" என்றார்.

நான்காம் நாள் வாத்தியார் பதினேழாம் கிணற்றில் கல் கட்டிய கயிற்றை இறக்கினார். ஈரம் பட்ட இடத்தைப் பிடித்து அளந்துவிட்டு, நம்ப முடியாமல் மறுபடியும் இறக்கினார்.

"கோடை உச்சியில ஆறு மீட்டர்லயே தண்ணியா?"

"வத்தாத கிணறு சார்" என்றான் தம்பி.

துணிக்கொடிக்குப் பின்னால் அளவுக்காரி நின்றாள். ஏப்ரல் மூன்றாம் தேதி விடியற்காலையில் அவள் எழுதிய அளவு பதிமூன்று மீட்டர் நாற்பது. இந்த ஒன்பது வீட்டு மோட்டாரும், சுற்றியுள்ள தோட்டங்களின் மோட்டாரும் நான்கு நாளாக ஓடவில்லை. உறிஞ்ச ஆளில்லாமல் ஊற்று ஏறி நிற்கிறது. கரண்ட் வந்த இரண்டாம் நாள் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் அவள் ஏன் சொல்ல வேண்டும்? அண்டை வீட்டுத் தலைப்பில் அவர்களுக்கு முட்டை விழுந்தாகிவிட்டது என்று இருந்தாள். முப்பது வருஷம் மதிப்பிட்ட மனிதர் கயிறும் கல்லுமாக ஏமாறுவதைப் பார்க்க அவளுக்கு இனிப்பாகவும் இருந்தது. கேட்டால் சொல்லலாம் என்று நின்றாள். அவர் கேட்டது தம்பியை.

ஐந்தாம் நாள் மதியம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வாத்தியார் மார்க்குகளை வாசித்தார். கேட்க ஊரே கூடியிருந்தது. அளவுக்காரியும் கடைசியில் நின்றாள், முட்டையைக் காதால் கேட்க.

"மண், ஏழு. உப்புன்னு சொன்னாங்க, பரிசோதிச்சுப் பாத்தேன், இல்லை. பாம்பு இருக்குன்னாங்க. பாம்பு இருந்தா எலி இருக்காது, சேமிச்ச தானியத்துக்குச் சேதம் இல்லை. அதுக்கு எட்டு. தண்ணீர், ஒன்பது." காகிதத்தைத் திருப்பினார். "அக்கம்பக்கத்தார், ஒன்பது."

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்தது.

"ஆமா, ஒன்பது" என்றார் வாத்தியார். "நகரம் கவுந்துச்சுன்னா லட்சம் பேர் சோறு தேடிக் கிராமத்துக்கு ஓடி வருவான். வந்தவனை எல்லாம் உக்கார வச்சு உபசாரம் பண்ற ஊர் ஒரு வாரத்துல காலியாயிடும். நான் பாத்த மத்த ஆறு மாவட்டத்துலயும் அதான் பெரிய குறை, நல்ல ஜனங்க. இங்க வெளியாளுக்கு ஒரு டம்ளர் தண்ணிகூடக் கிடைக்காது. குறிப்பா, பள்ளத்துல ஒரு அம்மா இருக்காங்க. அவங்க ஒருத்தர் நாலு காவல் நாய்க்குச் சமம்."

டீக்கடைக்காரர் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி வழிந்தது. மொத்தம் எண்பத்தொன்று. ஏழு மாவட்டத்தில் இதுதான் முதல் என்று வாத்தியார் அங்கேயே சொல்லிவிட்டார். தம்பி அவள் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில், "நான் ஆயிரம் பொய் சொல்லியிருந்தாலும் இந்த ஒன்பது கிடைச்சிருக்காதுக்கா. கமிஷன்ல பாதி உனக்குத்தான்" என்றான்.

மறுநாள் காலை டிரான்ஸ்ஃபார்மர் வந்து, எல்லா மோட்டாரும் ஒரே சமயத்தில் உறுமத் தொடங்கின. தம்பியும் வாத்தியாரும் விதைக் கடை மாடி அறையில் தங்கியிருந்தார்கள். அளவுக்காரி நோட்டை எடுத்துக்கொண்டு படியேறினாள். வாத்தியார் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். தம்பி கட்டிலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான்.

"நீங்க பாத்த ஆறு மீட்டர் பொய்த் தண்ணி" என்றாள் அவள். "அஞ்சு நாளா யாரும் மோட்டார் போடல, அதனால ஏறியிருக்கு. இந்த மாசத்து அளவு பதிமூணு நாற்பது. இதோ இருபத்திமூணு வருஷத்து ஏப்ரல், வரிசையா இருக்கு. மேட்டுல சூளைக்காரன் ஒரே ஒரு போர் போட்டப்ப எவ்வளவு இறங்குச்சுன்னு இந்தப் பக்கத்துல பாருங்க. பதினாறு குடும்பம் வந்தா உங்களுக்கும் இருக்காது, எங்களுக்கும் இருக்காது."

வாத்தியார் நோட்டை வாங்கினார். மரியாதையாகவே இரண்டு மூன்று பக்கம் புரட்டினார்.

"அம்மா, முதல் நாள் பாம்புன்னீங்க. அடுத்த நாள் உப்புன்னீங்க. அப்புறம் திருடன்னீங்க. இன்னைக்குத் தண்ணி இல்லங்கிறீங்க."

"அதெல்லாம் வாய். இது நோட்டு."

"நோட்டை எழுதினதும் நீங்கதானே?"

இருபத்திமூன்று வருஷத்தில் யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. "சாயங்காலம் வரைக்கும் இருங்க. மோட்டார் ஓடின பிறகு அந்தக் கயித்தையே இறக்கிப் பாருங்க" என்றாள்.

"சார், என் சூளையை மூட வச்சவ இவதான்" என்றான் தம்பி, லேஸைக் கட்டியபடி. "மேட்டுல புல்லு முளைச்சாக்கூட இவளுக்கு வயிறு எரியும். நீங்க உங்க கண்ணால பாத்ததை நம்புறீங்களா, இவ நோட்டை நம்புறீங்களா?"

வாத்தியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நோட்டை மூடி, இரண்டு கையாலும் அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

அலுவலகத்துக்கும் எழுதிப் பார்த்தாள். சூளை வியாபாரம், அதனால் மூட முடிந்தது; குடியிருப்புக்கும் சாகுபடிக்கும் போர் போடத் தடை இல்லை என்று பதில் வந்தது.

ஆறு மாதத்தில் மேட்டில் பதினாறு வீடுகள் எழும்பின. சுற்றிலும் ஆள் உயர மதில். பதினொரு போர், பதினொன்றுக்கும் சூரிய மின்சாரம். வெளியிலிருந்து வரும் கரண்டை அவர்கள் நம்பவில்லை. அதனால் கரண்ட் போனாலும் அவர்களுடைய மோட்டார் நிற்கவில்லை; காலையில் வெயில் ஏறியதும் ஓடத் தொடங்கினால், அடங்கும் வரை ஓடியது. மீன் குட்டை, காய்கறிப் பாத்தி, பத்து மாட்டுக்குத் தீவனப் புல். முதல் வருஷம் மழை தாராளம். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

இரண்டாம் வருஷம் ஏப்ரல் மாதம், பதினேழாம் கிணற்றில் இறக்கிய நாடா அடியில் போய் டணார் என்று பாறையில் மோதியது. மேலே இழுத்தாள். சாக்பீஸ் வெள்ளை கலையவில்லை. நாடாவைத் துடைத்து, மறுபடியும் சாக்பீஸ் தேய்த்து, வேறு மூலையில் இறக்கினாள். அங்கேயும் வெள்ளை. கட்டத்தில் 'நீர் இல்லை' என்று எழுதினாள்.

மதியத்துக்குள் மற்ற எட்டு வீட்டுக் குடங்களும் அவள் வாசலுக்கு வந்துவிட்டன.

"ஊர்க் கிணத்தை எல்லாம் அளக்குறே, வீட்டுக் கிணத்தைக் காப்பாத்தத் துப்பில்ல" என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

"ரெண்டு ஏக்கரை வித்த காசுல மாடி கட்டினியே, அங்க ஏறி நின்னு மழையைக் கூப்பிடு."

"உனக்குத்தான் தெரிஞ்சிருக்கே" என்றார் மெக்கானிக். "முன்னாடியே அந்தாளு கையைப் புடிச்சு இழுத்துச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீதானே வாயை மூடச் சொன்னே?"

"என் பேச்சை நீ என்னைக்காவது கேட்டிருக்கியா? அன்னைக்கு மட்டும் எதுக்குக் கேட்டே?"

அவள் மேட்டுக்கு நடந்தாள். இரும்புக் கதவுக்கு உள்ளே, இப்போது குடியிருப்புக்குத் தலைவராகிவிட்ட வாத்தியார் கொத்தமல்லிப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஆள் கறுத்திருந்தார், உள்ளங்கை காய்த்திருந்தது. குழாயைக் கீழே போட்டுவிட்டுக் கதவுக்கு வந்தார், திறக்கவில்லை.

"பள்ளத்துல தண்ணி இல்ல" என்றாள் அவள். "பாதி மோட்டாரையாவது பாதி நாளைக்கு நிறுத்துங்க."

"எங்க போர்லயும் மூணு வத்திப்போச்சு. மிச்சம் எட்டையும் நிறுத்தினா நாங்க எதுக்கு இங்க வந்தோம்?"

"நான் அன்னைக்கே சொன்னேன்."

"சொன்னீங்க" என்றார் அவர். மறுக்கவில்லை. "ஆனா இந்த ஊர்ல யாரும் யாருக்கும் தண்ணி குடுக்க மாட்டாங்கன்னு பாத்துத்தானே வந்தோம். இப்ப நாங்களும் இந்த ஊர்தாம்மா."

அவருக்குப் பின்னால் குழாய் பாத்தியை நிரப்பிவிட்டுப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவரும் திரும்பிப் பார்த்துவிட்டு, போய்க் குழாயை அடுத்த பாத்திக்கு இழுத்துப் போட்டார்.

அதன் பிறகு பள்ளத்துக்கு வாரம் இரண்டு தடவை தண்ணீர் லாரி வந்தது. வரிசையில் அவள் இடம் எப்போதும் கடைசி. யாரும் அப்படி வைக்கவில்லை, யாரும் முன்னால் விடவும் இல்லை. மழை மாதங்களில் கிணற்றில் முழங்கால் அளவு நிற்கும், பிப்ரவரியில் போய்விடும். அவள் மாதா மாதம் நாடாவை இறக்கிக்கொண்டுதான் இருந்தாள். டணார் என்ற சத்தம் ஒன்பது வீட்டுக்கும் கேட்கும். "வந்துட்டா சாவு மணி அடிக்க" என்று மெக்கானிக்கின் மனைவி ஜன்னலைச் சாத்துவாள். தம்பி இன்னொரு மாவட்டத்தில் இன்னொரு மேட்டை விற்றுவிட்டான் என்று டீக்கடையில் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை, அவள் காதில் விழும்படி சொன்னார்கள்.

மூன்று கோடைகள் போன பின், ஒரு புதன்கிழமை காலை, இருபத்தெட்டாம் கிணற்றடியில் அவள் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கைப்பேசியில் அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. கையில் ஒட்டியிருந்த வெள்ளையைச் சேலையில் துடைத்துவிட்டுப் படித்தாள்:

"கண்காணிப்புக் கிணறு எண் 17, தொடர்ந்து மூன்று கோடைகளிலும் வறண்டதால் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. அதற்கு மாற்றாக, மேட்டுக் குடியிருப்பில் நீர் உள்ள ஆழ்துளைக் கிணறு ஒன்று வரும் மாதம் முதல் அதே எண்ணில் சேர்க்கப்படும். தாங்கள் குடியிருப்பின் தலைவரை நேரில் சந்தித்து, சுமுகமாகப் பேசி, மாதந்தோறும் உள்ளே சென்று அளப்பதற்கு அவருடைய சம்மதத்தை எழுத்தில் பெற்று அனுப்பவும்."